ஒரே அளவில் இரண்டு ஸ்பிரிங்

பதுளை,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. போன வாரம் தோட்டத்து டிராக்டரில் நான் அனுப்பிய இரண்டு ஸ்பிரிங்கையும் தோட்டத்தை நடத்தும் துரையின் பழைய விமானத்தில் பூட்டாதீர்கள். பூட்டியிருந்தால் முதலில் போய்க் கழற்றுங்கள். கழற்றிவிட்டு வந்து மீதியை வாசியுங்கள்.

உங்கள் போனுக்கு எத்தனை தடவை எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. மடுல்சீமைப் பக்கம் டவர் வேலை செய்யவில்லையாம். மண் சரிந்து பாதையும் மூடிக் கிடக்கிறதாம். அதனால்தான் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதீர்கள்.

நடந்தது இதுதான். வால் சக்கரத்தைத் திருப்பும் ஸ்பிரிங் தேய்ந்துவிட்டது, இதே போல் சுற்றி வாங்கி அனுப்பு என்று பழைய சோடியைக் கொடுத்து விட்டீர்கள் அல்லவா? அதில் ஒன்று தடித்த கம்பி, மற்றது மெல்லிய கம்பி. லொறிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் வண்டி சாயும் என்று நம் உதிரிப்பாகக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நீங்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பாடம். முன்னே யாரோ கைக்குக் கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். பட்டறையில் தடித்ததைப் போலவே இரண்டையும் சுற்றச் சொன்னேன். எவ்வளவு அழகான சோடி! எண்ணெய் பூசி, விபூதியும் வைத்து அனுப்பினேன்.

அந்தப் பெருமையில், நமக்குச் சாமான் அனுப்பும் கொழும்பு பலீல் நானாவுக்குப் படமும் அனுப்பி வைத்தேன். அவர் முன்பு விமானம் திருத்தும் இடத்தில் வேலை பார்த்தவர் அல்லவா? நேற்றுத்தான் படத்தைப் பார்த்தாராம். உடனே போன் எடுத்து, “என்ன தங்கச்சி இப்படிச் செஞ்சிட்டீங்க, ஒன்னு தடிப்பா ஒன்னு மெல்லிசா இருக்கிறது வேணுமென்டுதான்” என்றார். இரண்டும் ஒரே அளவானால் தரையில் ஓடும்போது வால் சக்கரம் உதறத் தொடங்குமாம். பெடலைக் காலால் மிதித்தும் அடக்க முடியாமல் போனால் விமானமே பக்கவாட்டில் சுழன்று விடுமாம். விமானம் ஓடும் அந்த மைதானத்தின் ஓரம் எப்படி என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். கீழே தேயிலை, அதற்கும் கீழே பள்ளம். நேற்றிலிருந்து கண்ணை மூடினால் அந்தப் பள்ளம்தான் தெரிகிறது.

இங்கே மழை விடவில்லை. குசினிக் கூரை மறுபடி ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். மேனுஷா பள்ளிக்கூடத்தில் அப்பா விமானம் திருத்துகிறார் என்று சொல்லி, வகுப்பில் பாதிப் பேரை நம்ப வைத்துவிட்டாள். பௌர்ணமி போயா அன்று நீங்கள் பறக்கும்போது முற்றத்தில் நின்றால் உங்களைப் பார்க்கலாமா என்று கேட்கிறாள்.

போயா அன்று துரை பறப்பார், பக்கத்தில் நீங்கள் உட்காருவீர்கள். வேண்டாம் என்று அவரே சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். எந்த வண்டியைத் திருத்தினாலும் முதல் ஓட்டத்தில் வேலை செய்தவன் உட்கார்ந்தாக வேண்டும் என்பது உங்கள் கராஜ் வழக்கம். என் அப்பாவின் பஸ்ஸுக்கு பிரேக் திருத்திவிட்டு, இறக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்து போனீர்களே, அதைப் பார்த்துத்தான் அப்பா உங்களை எனக்கு மாப்பிள்ளையாகப் பேசினார். அன்றைக்கு எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. இன்றைக்கு அந்த வழக்கமே வேண்டாம் என்று இருக்கிறது.

சரியான சோடியைக் காலையிலேயே பட்டறைக்காரரை எழுப்பிச் சுற்ற வைத்தேன், இத்துடன் இருக்கிறது. எது எந்தப் பக்கம் என்பது பழையதைக் கழற்றிய உங்களுக்குத்தான் தெரியும். நினைவில்லாவிட்டால் பலீல் நானாவிடம் கேட்கும் வரை பூட்டவே வேண்டாம். இங்கே ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வந்த உங்கள் தோட்டத்துப் பெரியாயி அக்கா இதைக் கொண்டு வருகிறார். பசறை வரை பஸ், மண் சரிந்த இடத்தில் நடை. “கவலப்படாதீங்க தங்கச்சி, எங்க லயத்து வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அவரு கையில குடுத்துட்டுத்தான் போவேன்” என்கிறார். அவருக்குச் சூடாக ஒரு தேத்தண்ணி கொடுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேலை செய்தவர்தான் முதல் ஓட்டத்தில் உட்கார வேண்டும் என்றால், இந்த ஸ்பிரிங்குகளைச் சுற்ற வைத்தவள் நான். பிழையானதும் என் வேலை, சரியானதும் என் வேலை. ஆகவே அந்த சீட் என்னுடையது. பசறை தாண்டும் முன்பே பஸ்ஸில் வாந்தி எடுப்பவள்தான், ஆனாலும் பாதை திறந்ததும் வருவேன். நான் வந்து சேரும் வரை அதில் யாரும் உட்காரக் கூடாது. நீங்களும்தான்.

முருகன் துணையிருக்கட்டும்.

உங்கள் வரவை வாசலில் பார்த்திருக்கும்
மனைவி,
ஜீவராணி