தோண்டாமல் பார்க்கிறார்களாம்

மார்ச் 4
கிடங்கு கட்ட வாங்கிய நிலத்தைச் சமன் செய்யும்போது பழைய செங்கல் தட்டுப்பட்டது. அதற்குள் தொல்லியல் அலுவலகத்துக்குத் தகவல் போயிருக்கிறது. அவர்கள் ஆய்வு செய்து ஒப்புதல் தந்தால்தான் கட்ட முடியும். போட்டுக் கொடுத்தது யார்? மச்சான்தான். அவரும் இந்த நிலத்துக்கு அலைந்தவர்.

மார்ச் 5
அந்த அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். மண்வெட்டி இல்லை, கடப்பாரை இல்லை. சட்டத்தில் மாட்டிய இரண்டு வெள்ளைக் குழாய்கள், அவ்வளவுதான்.

"தோண்ட மாட்டோம் ஐயா. அடியில சுவரோ அடுப்போ இருந்தா காந்தப்புலம் லேசா மாறும். இது பதிஞ்சிக்கும்."

சைக்கிளில் பாத்திரம் விற்ற நாளிலிருந்து, தட்டிப் பார்க்காமல் ஒரு சட்டிகூட வாங்கியவனில்லை நான். என்னிடமா?

"உடம்புல இரும்பு இருக்கக் கூடாது. சாவியை வண்டியில வெச்சிட்டு வாங்க."

அப்படிப் போடு! கடைச் சாவி, பெட்டகச் சாவி எல்லாவற்றையும் காரில் போட்டுவிட்டு இவர்கள் பின்னால் போக வேண்டுமாம். ஒரு பழைய சாவிக்கொத்தைக் கழற்றிக் காட்டினேன். அசல் கொத்து உள்பையில்.

வரிவரியாக நடந்தார். ஒட்டினாற்போல நானும் நடந்தேன். தள்ளி நிற்கச் சொன்னார். என் நிலம், நான் ஏன் தள்ளி நிற்க வேண்டும்?

மார்ச் 6
இன்றும் கூடவே நடந்தேன். வீட்டுக்காரி கேட்கிறாள்: "அந்தப் பொண்ணு நிலத்தைச் சுருட்டிக் கைப்பையில போட்டுக்கிட்டுப் போயிடுமா?"

மார்ச் 11
படம் காட்டினார்கள். முழுக்கக் கோடும் புள்ளியும். "ஒண்ணும் தெளிவா இல்லை ஐயா. குழி வெட்டித்தான் பாக்கணும்."

குழியா! மழைக்கு முன்னால் கூரை ஏறணும். வாடகைக் கிடங்கையும் காலி பண்றேன்னு சொல்லியாச்சு. சரக்கை எங்க கொண்டுபோய்க் கொட்டுவேன்? எல்லாம் மச்சான் வேலை...

உள்பையில் சாவிக்கொத்து. ஐயோ, நான்தானா?

மார்ச் 12
போய்ச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ ரெண்டு நாளும் நிலத்தை அளக்கலை, உங்களைத்தான் அளந்திருக்கோம்!"

கோபித்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சிரித்துவிட்டார். சிரிப்புக்கு என்ன செய்ய? மறுபடி அளக்கிறாராம்.

தகவல் கொடுத்தது யார் என்று கேட்டேன். என் கொத்தனாராம். மச்சான் இல்லையாம். நம்புகிற மாதிரியா இருக்கிறது?

மார்ச் 14
வேலிக்கு வெளியே நின்றேன். பெரும்பாடு.

மார்ச் 20
புதுப் படம் காட்டினார். வடக்கு மூலையில் மூன்று அறைகள். வாசல் இடைவெளிகூடத் தெரிகிறது. ஓர் அறையில் கறுத்த வட்டம்.

"அடுப்பு மாதிரி இருக்கு. ரொம்ப காலம் எரிஞ்சிருக்கும்." மற்ற இடமெல்லாம் வெறும் மண். மூலையை விட்டுவிட்டுக் கட்டலாமாம்.

"நிஜமாத்தானாம்மா?" என்று இழுத்தேன்.

"சந்தேகம்னா தோண்டிக் காட்டவா?"

கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 9
சிமென்ட் லாரி வந்தது. குறுக்கு வழி என்று டிரைவர் வடக்கு மூலைக்குத் திருப்பினான். ஓடிப்போய் மறித்தேன்.

"மேல ஏத்தாதப்பா, சுத்தி வா!"

"வெறும் மண்ணுதானே முதலாளி?"

"கீழ அடுப்பு இருக்குய்யா."

இறங்கிவந்து, குனிந்து, லாரிக்கு அடியில் பார்த்தான்.