ஆறு மில்லிமீட்டர் செம்பருத்தி

மார்ச் 4, செவ்வாய்

ஓய்வு பெற்று முப்பத்தேழாவது நாள். இன்று எனக்கு ஒரு வேலை கிடைத்தது. கொடுத்தது என் மனைவி.

காலையில் அவளை எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். வலது கட்டைவிரலின் அடியில் வீக்கம். டாக்டர் விரலை மடக்கிப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு மாதம் பிளேடைத் தொடக்கூடாது, அதன் பிறகும் நாள் முழுக்கக் கூடாது என்றார். இவங்க என்ன வேலை செய்றாங்க என்று என்னிடம் கேட்டார். ஸ்டிக்கர் வெட்டுவாள் என்றேன். அவள் திருத்தினாள்: "எழுத்து வெட்டுறேன் டாக்டர்."

பதினோரு வருடமாகப் பின்னறையில் உட்கார்ந்து கடைக் கண்ணாடிகளுக்கும் பெயர்ப்பலகைகளுக்கும் வினைல் தாளில் எழுத்து வெட்டுகிறாள். நான் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லார் வீட்டுப் பின்பக்கமும் எனக்குத் தெரியும், என் வீட்டுப் பின்னறையைத் தவிர.

இப்போது கையில் ஒரு பெரிய ஆர்டர். புதிதாகத் திறக்கப்போகும் பூங்காவில் முந்நூற்று நாற்பது செடிகளுக்குப் பெயர். எழுத்தின் உயரம் ஆறே மில்லிமீட்டர். ஏப்ரல் இரண்டாம் வாரம் திறப்பு. முடியாது என்று சொல்லிவிடலாமே என்றேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு சொன்னாள்: "வெட்டுற மிஷின் ஒண்ணு வாங்கலாம். நம்ம கைக்கு அடக்கமா இருக்கணும், சின்ன எழுத்தை ஒழுங்கா வெட்டணும். நீங்களே பாத்து வாங்குங்க."

நானா?

மார்ச் 6, வியாழன்

முதல் ஷோரூம். விற்பனைக்காரர் ஒரு பெரிய ரோஜாப் பூவை வெட்டிக் காட்டினார். பிரமாதம். சின்ன எழுத்து வருமா என்றேன். எல்லாம் வரும் சார் என்று இன்னொரு ரோஜா வெட்டினார். இரண்டையும் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அவள் பார்த்துவிட்டு, செடிக்குப் பேர் எழுதச் சொன்னா பூ பறிச்சுட்டு வந்திருக்கீங்க என்றாள்.

பிறகு ஒரு துண்டுச் சீட்டில் ஆறு மில்லிமீட்டரில் ஒரே வார்த்தை எழுதிக் கொடுத்தாள். செம்பருத்தி. இதை வெட்டிக் காட்டச் சொல்லுங்க, மற்றதெல்லாம் பேச்சு என்று உத்தரவு. ஏன் இந்தச் சொல் என்று கேட்டேன். முன்னால் ஒரு கொம்பு, உள்ளே சுழி, இரண்டு புள்ளி. கஷ்டம் எல்லாம் ஒரே வீட்டில் குடியிருக்கிறது என்றாள்.

மார்ச் 7, வெள்ளி

மகள் போனில் அப்பா என்ன பண்றார் என்று கேட்டாளாம். இவள் சொன்ன பதில்: "கடை கடையா செம்பருத்தி தேடுறாரு."

மார்ச் 10, திங்கள்

மூன்று கடை. கால் வலி.

முதல் கடையில், மூடி போட்ட அழகான சின்ன மிஷின். அதற்கென்று இருக்கும் செயலியில்தான் எழுத்தைப் போட வேண்டுமாம். போட்டோம். 'செ'யின் கொம்பு பின்னால் போய் நின்றது. மாட்டுக்கு வாலில் கொம்பு முளைத்த மாதிரி. விற்ற பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது கடையில் இருந்தது சத்தமே இல்லாத, ஆள் உயர மிஷின். அச்சாக வெட்டியது. விலையைக் கேட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது, மேசைமேல் வைக்கிற மிஷின். விலை நமக்கு எட்டும். ஆனால் கொஞ்சம் கடகடவென்ற சத்தம். எழுத்து நன்றாக வந்தது, புள்ளிகளை மட்டும் காணோம். பிளேடு பழசு சார், புதுசு போட்டா வரும் என்றார்.

மூன்றையும் அவள் முன் வைத்தேன். கடைசித் துண்டை விளக்கருகே தூக்கிப் பிடித்து வாசித்தாள்: "செமபருததி. யாரோ பழைய வைத்தியர் பேரு மாதிரி இருக்கு."

அந்தப் பெரிய மிஷினையே வாங்கிவிடலாமா, கடனாவது வாங்கி? விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று நானே பதிலும் சொன்னேன். "வீக்கம்தான் ஏற்கெனவே இருக்கே," என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

மார்ச் 12, புதன்

கடகடவையே வாங்கிவிட்டேன். புதுப் பிளேடு சேர்த்து.

மார்ச் 15, சனி

புள்ளி வரவில்லை.

அவள் மாத்திரை போட்டுக்கொண்டு மதியம் தூங்கும் நேரத்தில், கதவைச் சாத்திவிட்டு ஓட்டிப் பார்த்தேன். பிளேடு வட்டமாகச் சுற்றுகிறது, ஆனால் வட்டம் மூடுவதில்லை. மயிரிழை அளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றியிருக்கும் தாளை உரித்தால் புள்ளியும் கூடவே வந்துவிடுகிறது. விற்பனைக்காரருக்கு நாலு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

அவளிடம் இன்னும் மிஷினைப் பொருத்தவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

பொய்க்கு மூன்றாம் நாள். அரை உருளை வினைல் காலி. வீணானதையெல்லாம் பையில் போட்டு மாடிப்படிக்கு அடியில் தள்ளியிருக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

பை கிடைத்துவிட்டது.

கூடத்துத் தரையில் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நூறு செம்பருத்தி இருக்கும், ஒன்றுக்கும் புள்ளி இல்லை. நான் தப்பான மிஷினை வாங்கிட்டேன், திருப்பிக் கொடுத்திடறேன் என்று ஏதேதோ உளறினேன். அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"மிஷின் கிடக்கட்டும். பதினோரு வருஷமா என் வேலையை நீங்க எட்டிப் பாக்கல. இப்பதான் பாக்கறீங்க, அதையும் கதவைச் சாத்திட்டுப் பாக்கறீங்க."

இத்தனை வருஷமும் அந்த அறைக்குள்ள போய் நாலு வார்த்தை கேட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் எனக்கு? வெட்கமா இருக்கு.

சாப்பாடு போட்டாள். போட்டுவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 19, புதன்

காலையில் நானே பின்னறைக்குப் போனேன், கதவைத் திறந்து வைத்தே. கையால புள்ளி எப்படி வெட்டுவே என்று கேட்டேன். கேட்க எனக்கு முப்பத்தொரு வருடக் குடித்தனம் தேவைப்பட்டிருக்கிறது.

அவள் பிளேடுக்குப் பதில் பென்சிலை எடுத்துக் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். ஆரம்பித்த இடத்தில் அவள் நிறுத்துவதில்லை. அதைத் தாண்டிக் கொஞ்சம் போய்த்தான் பிளேடைத் தூக்குகிறாள். "தொட்ட இடத்துலயே விட்டா அது மூடாதுங்க. பிளேடு திரும்ப கொஞ்சம் இடம் வேணும்."

மிஷினோடு வந்த புத்தகத்தை எடுத்தேன். மீட்டர் பார்த்த கண், சின்ன எழுத்துக்கு அஞ்சாது. முப்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது, முடிவைத் தாண்டி வெட்டும் அளவு. விற்கிறவர்கள் அதைப் பூஜ்யத்தில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். கொஞ்சம் ஏற்றினேன். அவள் சொல்லி வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். அழுத்தத்தையும் குறைங்க, அடியில இருக்கற தாள் கிழியக்கூடாது என்றாள். பிறகு கூர் அதிகமான பிளேடு, மெல்லிய வினைல். ஏழாவது முறை உரிக்கும்போது நான் மூச்சே விடவில்லை.

செம்பருத்தி. இரண்டு புள்ளியும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

அவள் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள், வெகுநேரம். 'ரு'வின் வால் கொஞ்சம் தடிமன் என்றாள். அவள் சமாதானமாகிவிட்டாள் என்று அதில் தெரிந்துகொண்டேன்.

மார்ச் 26, புதன்

அவள் கணினியில் எழுத்தைச் சரிசெய்கிறாள், புள்ளிகளை ஒரு சுற்றுப் பெரிதாக்குகிறாள். நான் மிஷினை ஓட்டி, ஊசியால் வேண்டாததை உரித்தெடுக்கிறேன். ஒரு நாளைக்கு முப்பது பெயர். இன்று கற்றாழையை உரிக்கும்போது தும்மிவிட்டேன். புள்ளி பறந்து போனது. அவள் என் மூக்குக் கண்ணாடியிலிருந்து எடுத்தாள்.

முகத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் வந்து எத்தனை நாளாயிற்று.

ஏப்ரல் 5, சனி

முந்நூற்று நாற்பதும் முடிந்தது. என் கழுத்தும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பூங்காவுக்குப் போனோம். திறப்பு விழாக் கூட்டமெல்லாம் நேற்றோடு முடிந்திருந்தது. தோட்ட அதிகாரி அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். நான் குனிந்து குனிந்து ஒவ்வொரு பெயராக வாசித்தேன். எலுமிச்சைக்குப் பக்கத்தில் ஒரு தகப்பன் தன் பெண்ணுக்கு அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். இவளைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று திரும்பினேன். பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். விரலில் வீக்கம் இல்லை. நிழல் நகர்ந்தபோது குடையை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மாலையில் மருந்துக்கடைக்காரர் வந்தார். பூங்காவில் பார்த்தாராம். தன் கடை இழுப்பறைகளுக்கு இதே மாதிரி சின்ன எழுத்தில் பெயர் வேண்டும், இந்த வாரமே ஆகுமா என்று வாசலில் நின்று கேட்டார். நான் பின்னறையில் பிளேடைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னது தெளிவாகக் கேட்டது: "மிஷினை எங்க வீட்டுக்காரர்தான் பாத்துக்கறாரு. அவருக்கு எப்ப தோதுப்படும்னு கேட்டுத்தான் சொல்ல முடியும்."

என்னைக் கூப்பிட்டாள். உடனே போகவில்லை. மருந்துக்கடைக்காரர் காதில் சரியாக விழாமல் போய், அவள் அதை இன்னொரு தடவை சொல்லமாட்டாளா என்று கதவோரம் கொஞ்ச நேரம் நின்றேன்.