கையால் சாப்பிட வா

கும்மிடிப்பூண்டி,
செப்டம்பர் 21, ஞாயிறு.

அன்புத் தங்கை சோனியாவுக்கு,

அக்கா ஜெபா எழுதுவது. ஸ்தோத்திரம். உன் மாமா ஸ்டீவன் நலம், பிள்ளைகள் நலம். என்னைப் பற்றி மட்டும் அப்படி எழுத மனம் வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வார்த்தை பேசினால் நீ பத்து நிமிடம் விளக்கம் சொல்வாய். நானும் உம் கொட்டிவிட்டு வைத்துவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

என்னை கேன்டீனில் இருந்து எடுத்துவிட்டார்கள். பதினாறு நாள் ஆகிறது. இப்போது ஆண்கள் கக்கூஸ் கழுவுகிறேன். சோறு போடும் கை அசுத்தம் என்றார்கள், அசுத்தத்தைக் கழுவ அதே கை ஆகும் என்கிறார்கள். இந்த நியாயம் எந்த ஊரில் உண்டு?

தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஆலையில் ஆட்களுக்கு முழங்கையிலும் கழுத்திலும் சீழ்க்கட்டி வருகிறது என்று உன்னிடம் சொன்னதே நான்தான். நீ ஜூன் மாதம் பஞ்சுக்குச்சியோடு தேர்வாய் கண்டிகையில் எங்கள் ஆலைக்கு வந்து, அந்தக் கட்டியை உண்டாக்கும் கிருமி இருக்கிறதா என்று தொண்ணூறு பேர் மூக்கில் விட்டு எடுத்துப்போனாய். போன மாதக் கடைசியில் அவரவர் பெயர் போட்டு ஒட்டிய உறையில் முடிவு வந்தது. மற்றவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். நான் என் காகிதத்தை கேன்டீன் முழுக்கக் காட்டினேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. கீழே உன் பெயரும் கையெழுத்தும் இருந்தது. என் தங்கச்சி என்று சொல்லிச் சொல்லிக் காட்டினேன்.

கேன்டீன் மேனேஜர் மோகன்ராஜ் வாங்கிப் படித்தார். போனில் எதையோ தேடினார். யாரோ ஒருவருடைய தொடையில் பிளந்து கிடக்கிற கட்டி, அந்தப் படத்தைப் பெரிதாக்கி மேஜை மேஜையாகக் காட்டினார். "பாத்துக்கோங்கப்பா, இதான் ஜெபா மூக்குல கீது. தங்கச்சியே எழுதிக் குடுத்துக்கீது, இதுக்கு மேல இன்னா சாட்சி வோணும்" என்றார். நான் போட்ட சோற்றை முப்பது பேர் அப்படியே தொட்டியில் கொட்டினார்கள். அதில் ஒருவன், "இன்னாக்கா, இத்தினி நாளா சாம்பார்ல மூக்கையும் சேத்துத்தான் கொதிக்க வச்சியா" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன் சோனியா. அந்தக் கிருமியை நினைத்து இல்லை, அந்தச் சிரிப்பை நினைத்து.

இப்போது ஆலையில் யாருக்குக் கட்டி வந்தாலும் என் பெயர்தான். இரண்டு ஷிப்டு ஆட்கள் ஒரே ஜோடி கையுறையைப் போடுகிறார்களே, அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. ஒருவன் கழற்றிப் போட்டதும் அடுத்தவன் அந்த ஈரத்துக்குள்ளேயே கையை விடுகிறான். உள்ளே விரலை விட்டால் வழுவழு என்று இருக்கும், நாள்பட்ட மோர் வாடை அடிக்கும். மோகன்ராஜ் மட்டும் என்ன? கரண்டியில் சாம்பாரை மொண்டு உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்ப்பார். அதே கையை வேட்டியில் துடைத்துவிட்டு அப்பளக் கூடைக்குள் விடுவார். கக்கூஸில் நான் பார்ப்பதை எழுதினால் நீ ஒரு வாரம் சாப்பிட மாட்டாய். கை கழுவும் தொட்டி நிறைய பான் எச்சிலும் சளியும். சோப்பு வைத்தால் அப்படியே இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. இவர்களுக்குத்தான் என்னைப் பார்த்தால் அருவருப்பாம்.

நீ சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது. மூன்று பேரில் ஒருவர் மூக்கில் அது சும்மா குடியிருக்கும், கையைக் கழுவி, புண் இல்லாமல் பார்த்துக்கொண்டால் சமைக்கலாம் என்றாய். என்னுடையது மருந்துக்கு அடங்குகிற வகை என்றாய். ஐந்து நாள் காலையும் மாலையும் மூக்கில் நீ சொன்ன களிம்பைத் தடவினேன். நம் அப்பா, நைனாவின் கால் புண்ணில் இருந்தது எந்த மருந்துக்கும் அடங்காத வகை. அந்தக் காலுக்குப் பதினோரு மாதம் நான்தான் கட்டுப்போட்டேன். நீ வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொள்வாய். அதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை, சின்னப்பெண் நீ. அந்த நாற்றம் தாங்காமல்தானே இந்தக் கிருமிப் படிப்புக்கே போனாய். கிருமியைத் தின்கிற கிருமியைத் தேடுவதாகச் சொன்னாய். சீக்கிரம் கண்டுபிடி. நைனாவைப் போல இன்னொருவர் உயிரோடு அழுகக்கூடாது.

இன்னொரு விஷயம். போன செவ்வாய்க்கிழமை ஆபீஸ்காரர்கள் கக்கூஸில் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தபோது ஒரு காகிதம் கிடந்தது. கசக்கி, மேலே எச்சில் துப்பியிருந்தது. உன் கையெழுத்தைப் பார்த்துதான் குச்சியால் எடுத்தேன். மோகன்ராஜின் பெயர் இருந்தது. என் காகிதத்தைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். எனக்கு எது எழுதியிருந்ததோ அதேதான் அவருக்கும். உறைகள் எல்லாருக்கும் ஒரே நாளில்தான் வந்தன. தெரிந்துகொண்டுதான் அந்தப் படத்தை மேஜை மேஜையாகக் காட்டியிருக்கிறார்.

கேன்டீன் போர்டில் ஒட்டுவதற்கு இரண்டு முறை போனேன். பசையும் கையில் இருந்தது. ஆனால் யாருடைய முடிவும் வெளியே போகாது என்று எல்லாரிடமும் நீ சத்தியம்போலச் சொல்லி கையெழுத்து வாங்கியதை, பஞ்சுக்குச்சி டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று கேட்டவள் நான். ஒட்டினால் உன் படிப்பும் பெயரும் போகும். உன் மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. துடைத்துக் காயவைத்து இதோடு வைத்திருக்கிறேன். நீயே கிழித்துப் போடு. என்னிடம் இருந்தால் மூன்றாவது முறையும் போவேன், அப்போது ஒட்டாமல் திரும்பி வரமாட்டேன்.

அக்டோபரில் மறுபடி மூக்குச் சோதனைக்கு வருவதாகச் சொன்னாய். வா. சோதனையை முடித்துவிட்டு பன்னிரண்டரை மணிக்கு கேன்டீனுக்கு வா. களிம்பு போட்டு முடித்தாயிற்று, இவள் பரிமாறலாம் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடு. ஆனால் எழுதிக் கொடுப்பது மட்டும் போதாது. முதல் வரிசை பெஞ்சில் உட்கார். நான் சோறு போடுகிறேன். எல்லாரும் பார்க்கப் பிசைந்து சாப்பிடு.

ஜூன் மாதம் வந்தபோது நேரமில்லை என்று பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போனாய். போன கிறிஸ்துமஸுக்கு நான் செய்த பிரியாணிக்குப் பையிலிருந்து ஸ்பூன் எடுத்தாய். தண்ணீர் பாட்டிலும் நீயே கொண்டுவந்தாய். கேட்டால் லேப் பழக்கம் என்றாய். அப்போது என் மூக்கில் யாரும் பஞ்சு விட்டுப் பார்த்திருக்கவில்லை, சோனியா.

மோகன்ராஜ் சிரித்தால் துடைத்துப் போட்டுவிடுவேன். நீ ஸ்பூன் கொண்டுவராதே.

கர்த்தர் உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக.

உன்னை ஊட்டி வளர்த்த அக்கா,
ஜெபா