பூஜையில் வைத்த பூட்டு

நேற்று பார்சல் பிரிக்க மருமகள் ஒரு மடக்குக் கத்தியைக் கொடுத்தாள். விரித்ததும் அதன் முதுகுப் பட்டை 'டக்'கென்று விழுந்து பூட்டிக்கொண்டது. பார்சலை மறந்து பட்டையின் வாலைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் ஒரு கீறல். நண்பா, நீ போய் இத்தனை வருடமாகியும், உன் கீறல் யாரோ செய்த கத்தியில் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் குரோம்பேட்டையில் உன் லேத்துப் பட்டறை. நான் பள்ளி வாத்தியார்; பள்ளி விட்டதும் அங்கேதான் இருப்பேன். கதவுக்குத் தாழ்ப்பாள் எப்படியோ அப்படித்தான் கத்திக்கு இந்தப் பட்டை. அது விழுந்துவிட்டால் அலகு தானாக மடங்காது. மற்றவர்கள் பட்டையை அழுத்தத் தனியாக ஒரு ஸ்பிரிங் வைத்தார்கள். நீ பட்டையின் வாலையே கீறி, ஒரு பாதியை ஸ்பிரிங் ஆக்கினாய். ஒரு பாகமும் ஒரு ரிவெட்டும் மிச்சம். அந்தப் பட்டை தளராமலிருக்க அதை நெருப்பில் பதம் ஏற்றுவதுதான் பெரிய செலவு.

அந்த வருட ஆயுத பூஜைக்குக் கத்தியைச் சந்தனம், குங்குமத்தோடு படத்துக்கு முன்னால் வைத்தாய். பொரி வாங்க வந்த ஒவ்வொருவருக்கும் விரித்து மடக்கிக் காட்டினாய். "சாம்பிளுக்கு ஒண்ணு குடுங்கண்ணா, ஆர்டர் தரேன்" என்று ஒரு வியாபாரி வாங்கிப் போனார். பொங்கலுக்குள் தாம்பரம் மார்க்கெட்டில் அதே கத்தி, பாதி விலையில். பதம் மட்டும் ஏற்றவில்லை.

பேடண்ட் உரிமை வாங்கித் தடுக்கலாம் என்று பாரிமுனையில் ஒரு பேடண்ட் ஏஜென்டிடம் ஓடினோம்.

"இதை முன்னாடியே வெளியாள் யாருக்காவது காட்டினீங்களா?" என்றார் ஏஜென்ட்.

"சாமிக்கு வெச்சேன் சார்."

"கூட யார் இருந்தாங்க?"

"தெருவே இருந்துச்சு. பொரி குடுத்தோமே!"

அவர் பேனாவை மூடினார். "ஊருக்கே காட்டின பொருளுக்கு பேடண்ட் கிடைக்காது. பூஜையில வெக்கவே இல்லன்னு சொல்லிடுங்க. யார் வந்து கேக்கப்போறா?"

திரும்பும் மின்சார ரயிலில் கைப்பிடிகூடக் கிடைக்காத நெரிசல். "சொல்லிடேன்" என்றேன்.

"இன்னா வாத்யாரே, சூடம் காட்னதப் போயி இல்லன்னு சொல்றதா? வூட்ல புள்ளைங்க கீது."

"அப்ப பட்டறை?"

பல்லாவரம் வரை நீ விரல்விட்டுக் கணக்குப் போட்டாய். பதத்தை விட்டால் பூட்டு நழுவும். விடாவிட்டால் விலை இறங்காது. வியாபாரியைத் தடுக்கவும் வழியில்லை.

மாசியில், நம் தெருவுக்கு வரும் கோவளத்து மீன்காரம்மா கட்டுப்போட்ட கையோடு வந்தார். "யோவ், உன் கத்தி என் வெரலக் கடிச்சிட்சுய்யா!"

"இது நம்முது இல்லம்மா."

"யார்கிட்ட கத வுடுற? பொரி குடுத்து நீதானே காட்ன?"

நீ அதைப் பிரித்து, பதமேற்றிய பட்டை ஒன்றைப் போட்டுக் கொடுத்தாய். அப்புறம் அந்தப் போலிகள் வரிசையாக உன்னிடமே வந்தன. நீ கத்தி செய்வது நின்றது; ஊரான் கத்திக்குப் பட்டை செய்வதே வேலையாயிற்று. காசு கேட்டால் சண்டைக்கு வந்தார்கள்.

"வர்றவங்களத் திருப்பி அனுப்பேன்டா" என்று ஒருநாள் கத்தினேன்.

அரத்தை நிறுத்தாமலே சொன்னாய்: "எப்டி வாத்யாரே? பூட்டு என்னுதுன்னு ஊருக்கே தெரியுமே."

எதையும் ஓர் உதாரணம் சொல்லிப் புரியவைத்துவிடுவேன் என்று வகுப்பில் பெருமை பேசியவன் நான். நீ அன்று சொன்னதற்கு மட்டும் ஓர் உதாரணம் தேடிக்கொண்டே இருக்கிறேன். இன்னும் அகப்படவில்லை.