நம்ம வீட்டுல தங்க வேண்டாம்

அன்பு மகள் குருவிக்கு,

அப்பா எழுதறேன். நானும் அம்மாவும் இங்க நல்லா இருக்கோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையல, எனக்கு வாய்க்கொழுப்பு குறையல, மத்தபடி குறை ஒண்ணுமில்ல. நீ, மாப்பிள்ளை, உன் வயித்துல இருக்கற சின்னது, மூணு பேரும் சௌக்கியம்னு உன்கிட்டேருந்து பதில் வந்தாத்தான் எனக்கு இங்க தூக்கம் பிடிக்கும். கையில போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதுக்குக் கடிதம் எழுதறார்னு கேப்ப. போன்ல நான் பேசற லட்சணத்தைத்தான் போன மாசம் பார்த்தியே. ஆரம்பிக்கறது ஒண்ணு, கத்தி முடிக்கறது வேற ஒண்ணு. பேப்பர்ல கத்த முடியாது பாரு, அதனாலதான். அப்புறம் இன்னொண்ணு, இதைச் சொல்லும்போது நீ என் குரலைக் கேக்கக் கூடாதுன்னு நினைச்சேன். எனக்கு வெட்கமா இருக்கு அம்மாடி.

கடை வழக்கம்போல ஓடுது. காலையில பன்னுக்கு வர்ற கூட்டம் அப்படியேதான், சாயங்காலம் கேக் வாங்க வர்ற பசங்க சத்தமும் அப்படியேதான். மாவு பிசையற மிஷின் மறுபடி மக்கர் பண்ணுது, மெக்கானிக் வந்து பார்த்துட்டு இதை எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கன்னு சொல்றான், நான் உன்னையும் சேர்த்து எடைக்குப் போடறேன்னு சொல்லி அனுப்பிட்டேன். நம்ம அடுப்பு ஆள் இருக்காரே, உன்னோட மீசை மாமா, அவர் மீசையை எடுத்துட்டார். தெருவே வந்து துக்கம் கேட்டுட்டுப் போச்சு. என்னய்யா ஆச்சுன்னு கேட்டா, மீசையில மாவு ஒட்டுது, வீட்டுக்குப் போனாலும் போக மாட்டேங்குதுன்னு சொல்றார். அப்ப நான் சிரிச்சேன். இப்ப அந்தச் சிரிப்பு வரல.

விஷயத்துக்கு வர்றேன். டாக்டர் பிரயாணம் வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து எங்களைப் பார்த்துட்டுப் போறேன், ஆனா வீட்டுல தங்கல, ஸ்டேஷன் பக்கத்துல லாட்ஜ்ல தங்கிக்கறேன்னு நீ சொன்ன. எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. கீழ அப்பன் கடை, மேல அப்பன் வீடு, நீ பொறந்து வளர்ந்த வீடு, அதை விட்டுட்டு லாட்ஜ்ல தங்கறேன்னா ஊர் என்னைப் பார்த்து என்ன கேக்கும்னுதான் முதல்ல தோணுச்சு. உன் வயிறு என்ன கேக்கும்னு தோணல. அப்பன் வீடு என்ன விஷக் கடையான்னு கத்தினேன். அதோட விட்டேனா, மாப்பிள்ளைகிட்ட போனைக் குடுன்னு வாங்கி, என் பொண்ணு மனசுல இதையெல்லாம் ஏத்தி விடறது நீங்கதான்னு அவரையும் நாலு வார்த்தை சொல்லிட்டேன். போன தடவை வந்துட்டுப் போனப்ப ரயில்லயே இவளுக்கு வயித்தைப் பிடிச்சுக்கிச்சு மாமா, வாரக்கணக்கா எழுந்திருக்கல, வாயெல்லாம் புண்ணு, மாத்திரை போட்டு ஏத்தி வெச்ச ரத்தமெல்லாம் இறங்கிடுச்சு, அதுக்காகத்தான் பயப்படறான்னு அந்தப் பிள்ளை மெதுவா சொன்னார். அதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமில்ல, அது ஸ்டேஷன்ல குடிச்ச டீயா இருக்கும், எங்க வீட்டுல சாப்பிட்டது சுத்தம், என் அடுப்பு மேல சத்தியம்னு சொன்னேன். நல்ல சத்தியம் பண்ணினேன் போ.

நான் ஏன் அப்படி அடிச்சுப் பேசினேன்னு சொல்றேன், கேளு. போன தடவை உனக்காக நான் போட்ட ரொட்டி ஞாபகம் இருக்கா, கோதுமை, மைதா எதுவும் சேராம அரிசி மாவும் சோள மாவும் கலந்து போட்டது. அதுக்குன்னு புது டின், புதுப் பாத்திரம், புதுக் கரண்டி, புது சல்லடை எல்லாம் வாங்கினேன். கடைக்கு லீவு விட்டு, அடுப்பைத் தேய்ச்சுக் கழுவி, மீசை மாமாவைக் கூட உள்ள விடாம நானே நின்னு போட்டேன். அப்பா கையால ரொட்டி சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சுன்னு சொல்லிட்டு நீ இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்ட. நான் உள்ள போய் அடுப்பைப் பார்க்கற மாதிரி நின்னுக்கிட்டு அழுதேன், அது உனக்குத் தெரியாது. கோதுமை ஒரு பொட்டு பட்டாலும் ஆகாத இந்த சீலியாக் நோய் உனக்கு வந்ததுலேருந்து, ஊருக்கெல்லாம் ரொட்டி போடறவன் பெத்த பொண்ணுக்கு ஒரு துண்டு போட முடியலையேன்னு எனக்குள்ள ஒரு முள்ளு இருந்துச்சு. அந்த முள்ளு போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். அந்த ரொட்டியைப் போய் மாப்பிள்ளை குறை சொன்னா நான் எப்படி ஒத்துக்குவேன்.

சரி, நாம யாருன்னு காட்டறேன்னு கிளம்பினேன். நீ வந்தா தங்கறதுக்கு மாடியில முன் ரூமைக் காலி பண்ணி, சுவத்தைத் துடைச்சு, சுண்ணாம்பு அடிச்சு, புதுப் பாய் புதுத் தலகாணி போட்டேன். அப்புறம் அந்த ரொட்டியை இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம்னு போன ஞாயித்துக்கிழமை பட்டறைக்குள்ள போனேன். அம்மா கல்லாச் சாவியைத் தேடிக்கிட்டு உள்ள வந்தவ வாசல்லயே நின்னு, என்னங்க அது கையிலன்னு கேட்டா. ஒண்ணுமில்லையே, டின்னுக்கு எண்ணெய் தடவறேன்னு சொன்னேன். எண்ணெய் சரி, அதுக்கு மேல என்னமோ தூவினீங்களேன்னா. நான் தூவவே இல்லைன்னேன். குனிஞ்சு பார்த்தா டின்னு உள்ள வெள்ளையா இருக்கு. அம்மாடி, உனக்குத்தான் தெரியுமே, டின்னுல எண்ணெய் தடவினா அடுத்த நிமிஷம் பக்கத்துல இருக்கற மைதா மாவுத் தொட்டிக்குள்ள கை போகும், ஒரு சிட்டிகை எடுத்துத் தூவி டின்னை ஒரு தட்டுத் தட்டும். ரொட்டி ஒட்டாம வரணுமே. என் கை என்னைக் கேட்டுட்டா அதைச் செய்யுது, வேலை கத்துக்கிட்ட நாள்லேருந்து அதுவா செய்யுது. நான் விடுவேனா, அது அரிசி மாவுடின்னு அவ மேல எரிஞ்சு விழுந்தேன். அவ மேடையில இருந்த அரிசி மாவுப் பாக்கெட்டை எடுத்து என் முன்னாடி வெச்சுட்டுச் சாவியை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. பாக்கெட்டை நான் இன்னும் பிரிக்கவே இல்ல.

அங்கயே மூட்டை மேல உக்காந்துட்டேன். போன தடவையும் அதேதான் பண்ணியிருக்கேன். புது டின்னு வாங்கி, அடுப்பைக் கழுவி, எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, கடைசியில என் கையாலயே மைதாவைத் தூவி உனக்குக் குடுத்திருக்கேன். கொஞ்சம் நஞ்சம் பட்டாலும் அடுப்புச் சூட்டுல செத்துப் போகும்னு வேற மனசுல ஒரு தைரியம். அது கிருமி இல்லப்பா, சூட்டுல சாகறதுக்கு, ஒரு பொட்டு உள்ள போனாலும் என் குடலை அரிக்கும்னு நீ எத்தனை தடவை சொல்லியிருக்க. நான்தான் எனக்கே ரொட்டி போடக் கத்துக் குடுக்க வந்துட்டாளான்னு தலையை மட்டும் ஆட்டியிருக்கேன். ரெண்டு நாள் அம்மாகிட்ட முகம் குடுத்துப் பேசல. அவ சாப்பாட்டைப் போட்டு வெச்சுட்டுத் தன் வேலையைப் பார்த்தா. அதுக்கப்புறமும் வீறாப்பு போகல பாரு, ரொட்டிதான் தப்பு, ரூம் சுத்தம்தானேன்னு, ஒரு நாள் காலையில அந்த ரூம்ல இருக்கற கண்ணாடி மேஜையை ஈரத்துணியால துடைச்சுட்டுக் கீழ போனேன். மத்தியானம் சாப்பிட வந்தப்ப விரலை வெச்சு இழுத்தா கோடு விழுது. ஜன்னலைச் சாத்தித்தான் வெச்சிருந்தேன். இத்தனை வருஷமா இந்த மாவைத்தான் மூச்சா விட்டுக்கிட்டு இருக்கோம்னு இப்பத்தான் கண்ணுல பட்டுச்சு.

அதனால சொல்றேன், நீ நம்ம வீட்டுல தங்க வேண்டாம். கோவத்துல சொல்லல, கெஞ்சிக் கேக்கறேன். லாட்ஜும் வேண்டாம், அங்க உனக்குச் சமைக்க இடம் இருக்காது. தெருக்கோடியில தையல்காரர் வீட்டு மாடி காலியா இருக்கு, பேசி முடிச்சுட்டேன். முன்னாடி இருந்தவங்க என்ன சமைச்சாங்களோன்னு நீ யோசிப்ப. அம்மா போய் அடுப்பு, மேடை, அலமாரி எல்லாத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிட்டா, பழைய பாத்திரம் ஒண்ணும் அங்க வைக்கல. மரக் கரண்டி, மரப் பலகை எதுவும் வாங்க விடல, அதுல ஏறின மாவு போகாதுன்னு நீ சொன்னதை அவ மறக்கல. சாஸ் பாட்டில், சூப் பொடி, மால்ட் போட்ட பவுடர் எதுவும் வாங்கல, அதுலயெல்லாம் கோதுமையோ பார்லியோ கலந்திருக்குமாமே, சாமான் எல்லாம் நீ வந்து பாக்கெட்டைப் படிச்சுப் பார்த்து வாங்கிக்கோ. நீ வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அம்மா பெட்டியைக் கட்டிக்கிட்டு அங்க போயிடுவா, நீ திரும்பிப் போற வரைக்கும் கடைப் பக்கம் வர மாட்டா. தையல்காரர், என்ன முதலாளி, வீட்டம்மா கோவிச்சுக்கிட்டு வர்றாங்களான்னு கேக்கறார். ஆமான்னு சொல்லிட்டேன், அதுல பொய் ஒண்ணும் இல்லையே.

வழியில வரும்போது கையோட சாப்பாடு எடுத்துக்கோ. எங்கயாவது கேட்டு வாங்கற மாதிரி வந்தா வெட்கப்படாம கேளு, என்ன போட்டிருக்கீங்க, எந்த எண்ணெயில பொரிச்சீங்க, எல்லாம் கேளு. அவன் மூஞ்சியைத் தூக்கினா தூக்கட்டும். நானும் தூக்கினவன்தான். நேத்து ஒரு அம்மா வந்து இந்த பாதாம் பிஸ்கட்ல மைதா இருக்கா, என் பையனுக்கு ஆகாதுன்னு கேட்டாங்க. முன்னெல்லாம் கொஞ்சூண்டுதான், ஒண்ணும் ஆகாது, குடுங்கன்னு சொல்லியிருப்பேன். இந்தக் கடையில எதையும் அவனுக்கு வாங்காதீங்க, காத்துல கூட இருக்குன்னு சொன்னேன். அவங்க கையெடுத்துக் கும்பிட்டு, உண்மையைச் சொன்னீங்களேன்னு சொல்லிட்டுப் போனாங்க. என் பொண்ணுக்குச் சொல்லாத உண்மை அது.

மாப்பிள்ளைகிட்ட இந்தக் கடிதத்தை அப்படியே படிச்சுக் காட்டு, ஒரு வரி கூட விடாத. அவரை அப்படிப் பேசினதுக்கு நேர்ல வந்து மன்னிப்புக் கேப்பேன், அவர் வேண்டாம்னு தடுத்தாலும் கேப்பேன். இரும்புச் சத்து மாத்திரையை மறக்காம போடு, புது கம்பெனி மாத்திரையா இருந்தா அதுலயும் என்ன சேர்த்திருக்காங்கன்னு மருந்துக் கடைக்காரரைக் கேட்டுட்டுப் போடு. ராத்திரி முழிக்காத, பளு தூக்காத. இப்ப நீ ரெண்டு உயிர். நீயும் அதுவும் நோய் நொடி இல்லாம நூறு வருஷம் இருக்கணும்னு அப்பா மனசார ஆசீர்வாதம் பண்றேன்.

கடைசியா ஒண்ணு. நான் எதையாவது நீட்டி சாப்பிடும்மான்னு சொன்னா வாங்காத. கெஞ்சினாலும் வாங்காத, கண்ணு கலங்கினாலும் வாங்காத, மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லு. நீ வந்த அன்னைக்குக் கடையை மூடிட்டு, தையல்காரர் வீட்டுக் கீழயே தலைக்குக் குளிச்சு, அம்மா அங்க துவைச்சு வெச்சிருக்கற சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் மாடி ஏறுவேன். நீ என்ன சமைச்சிருக்கியோ அதைப் போடு, உக்காந்து சாப்பிடறேன். பொண்ணைப் பார்க்க ஒரு அப்பன் வெறுங்கையோட வர்றதான்னு எனக்கு வெட்கமாத்தான் இருக்கும். ஆனாலும் வெறுங்கையோடதான் வருவேன், நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு.

இப்படிக்கு,
உன் அப்பா