சத்துணவுக் கூடத்தில் வினைச்சொல்

ஐப்பசி மழையோடு போய்விட்ட என் தங்கச்சி பிரேமா அம்மணிக்கு,

இப்போது பங்குனி. வெயில் ஏறிவிட்டது. நீ பாதியில் விட்டுப் போன நாலாம் வகுப்பை நான்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷம் அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த உன் அக்கா, பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் சொல்லிக்கொடுக்கிறாள். சிரிப்பு வருகிறதல்லவா? சிரித்துக்கொள்.

ஆனால் உன் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் காய்ந்துபோன உன் உதட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, ஏதாவது பேசேன் என்று கெஞ்சினேன். நீ என்ன பேசினாய்?

"பெயர்ச்சொல் முடிச்சுட்டேன்க்கா. வினைச்சொல் இன்னும் தொடவே இல்ல. மில்லுப் பசங்களையும் சேர்த்து உக்காரவெச்சு நீ சொல்லிக்குடுத்துரு."

உன் மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னைப் பற்றியும் இல்லை. அவ்வளவு வலியில் உனக்கு அந்தப் பாடம் எப்படியடி நினைவுக்கு வந்தது?

காரியம் முடிந்த மறு வாரம் தலைமையாசிரியரிடம் போய் உன் வகுப்பைக் கேட்டு வாங்கினேன். முதல் நாள் உன் நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை. நின்றுகொண்டே பாடம் நடத்தினேன். இன்றைக்கும் நின்றுகொண்டுதான்.

நீ சொல்லித்தந்த வழியிலேயே போனேன். ஒரு சொல் முன்னால் வந்து நின்றால் அதனிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்பாய். 'ஐ'யும் 'க்கு'வும் உன்னோடு ஒட்டுமா? ஒட்டினால் பெயர். நேற்று ஒரு மாதிரியும் நாளைக்கு ஒரு மாதிரியும் மாறுவாயா? மாறினால் வினை. சொல்லுக்கு அர்த்தம் முழுசாகத் தெரியாத பிள்ளைகூட இந்தக் கேள்வியைக் கேட்டுவிடலாம் என்பது உன் கணக்கு. அன்னூர்ப் பக்கத்து நூல்மில்களுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் நீ அதை யோசித்திருக்கிறாய் என்பது, பாடம் நடத்தும்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒடிசாவிலிருந்து வந்த பாசந்தியை நீ மறந்திருக்க மாட்டாய். பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் இனிப்பு, இனிப்பு என்று சிரித்ததால், யாரோ அவளை வசந்தி என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. நீ மட்டும் அவளை விடாமல் பாசந்தி என்றே கூப்பிட்டாய். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

தை முடிவில் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். தாளாளர் வகுப்புகளைப் பார்க்க வருகிறாராம். அதுவரை இலக்கண நேரத்தில் மில்லுப் பிள்ளைகளைச் சத்துணவுக் கூடத்துக்கு அனுப்பிப் படம் வரையச் சொல்ல வேண்டுமாம். அவர் கெட்ட மனுஷர் இல்லை, உனக்கே தெரியும். பயந்த மனுஷர்.

"மில்லு மாறுனா அவுங்க போயிருவாங்க டீச்சர். நம்மூருப் புள்ளைங்களையாச்சும் தேத்தி உடுங்க."

"இங்க இருக்கற வரைக்கும் அவுங்களும் நம்மூருப் புள்ளைங்கதானுங்க சார்," என்றேன். யாரையும் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஊர்க்காரர்கள் சிலரும் அவர் பக்கம்தான். நம் வகுப்புக் கவினின் அப்பா வாசலில் வண்டியை நிறுத்தி, இவர்களால் தன் பையன் படிப்பு கெடுகிறது என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்.

உனக்கு மாசத் திதி கொடுக்க ஒரு நாள் லீவு போட்டேன். மறுநாள் வந்து பார்த்தால் வகுப்பில் பாதிப் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. பாசந்தியும் மற்றவர்களும் சத்துணவுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து தென்னை மரத்துக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பிக் கூட்டி வந்திருக்கலாம். அடுத்த நாள் திரும்ப அனுப்பியிருப்பார்கள். எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று தெரியவில்லை. நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

நான் வகுப்புக்குத் திரும்பிப் போய், மிச்சமிருந்த பிள்ளைகளிடம் புத்தகத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மொத்த வகுப்பையும் சத்துணவுக் கூடத்துக்கு நடத்திக்கொண்டு போனேன். புகை படிந்து கறுத்த சுவரில் சாக்பீஸால் வினைச்சொல் என்று எழுதினேன். கரும்பலகையைவிட நன்றாகவே தெரிந்தது. சாம்பார் கொதிக்கிற வாசனையில் பிள்ளைகளுக்குப் பசி தாங்கவில்லை. அதனால் தின்பதை வைத்தே ஆரம்பித்தோம். தின்றான், தின்கிறான், தின்பான்.

மறுநாளும் அங்கேதான். அதற்கடுத்த நாளும். தலைமையாசிரியர் வந்து, வகுப்புக்குப் போங்கள் டீச்சர் என்றார். எல்லாரையும் கூட்டிக்கொண்டா என்று கேட்டேன். திரும்பிப் போய்விட்டார்.

தாளாளர் வந்த அன்று காலி வகுப்பைப் பார்த்துவிட்டு எங்களைத் தேடி வந்தார். ஒரு பிள்ளையை எழுப்பி வினைச்சொல் என்றால் என்ன என்று கேட்டார். அது முழித்தது. இன்னொன்றும் முழித்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் உன் வேலையும் என் வேலையும் சேர்த்து ஒன்றுமில்லாமல் போனது. ஒரு சொல்லைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள் என்றேன். அவர் யோசித்து, "ஓட்டம்" என்றார். வேண்டுமென்றே சிக்கலான சொல்லாகப் பிடித்தார் என்று நினைக்கிறேன்.

கவின் எழுந்தான். "வினைச்சொல்லுங்க. ஓடறதுதானுங்க ஓட்டம்."

தாளாளர், இவ்வளவுதானா என்பதுபோலத் தலையை ஆட்டினார். அப்போது பின்னாலிருந்து பாசந்தி, இல்லை என்றாள். எழுந்து நின்று விரலை மடக்கி மடக்கி அந்தச் சொல்லிடம் கேட்டாள்.

"நேத்து ஓட்டம். நாளைக்கு ஓட்டம். மாறலைங்க. ஓட்டத்தை, ஓட்டத்துக்கு. ஒட்டுதுங்க. பேருதானுங்க அது."

கவின் விடவில்லை. ஓடினான், ஓடுவான் என்று மாறுகிறதே என்றான். அது வேறு சொல் என்றாள் அவள். இரண்டு பேரும் தாளாளரை மறந்துவிட்டுத் தங்களுக்குள் வாதாடினார்கள். கடைசியில் கவின் தானே "ஓட்டத்தை" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

தாளாளர் பாராட்டவெல்லாம் இல்லை, அம்மணி. இங்கே எதற்கு நடத்துகிறீர்கள் என்று கேட்டார். பாதிப் பிள்ளைகளை இங்கே அனுப்பினார்கள், என் வகுப்பு பாதியாக இருக்காதுங்க என்றேன்.

"எல்லாத்தையும் உள்ளயே உக்காரவெச்சுக்குங்க. மார்க் கொறஞ்சா நீங்கதான் பதில் சொல்லோணும்," என்றார் தாளாளர்.

"சொல்றேனுங்க," என்றேன்.

அன்று மத்தியானமே வகுப்புக்குத் திரும்பிவிட்டோம். தலைமையாசிரியர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கவினின் அப்பா வண்டியை நிறுத்துவதில்லை. பாசந்தி நேற்றுக்கூட 'அழகு' எந்த வகை என்று தெரியாமல் அரை மணி நேரம் என்னைப் படுத்தினாள். எனக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. உன்னிடம் கேட்கலாம் என்று ஒரு கணம் போனை எடுத்துவிட்டேன்.

ஜூனில் புதுப் பிள்ளைகள் வருவார்கள். திரும்பவும் யாராவது ஒரு வரிசையைக் காட்டி, இவர்களை மட்டும் வெளியே அனுப்புங்கள் என்பார்கள். இது எனக்குத் தெரியும். நாலாம் வகுப்பை எனக்கே கொடுங்கள் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். கணக்கை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஒரு பிள்ளையைக்கூட வெளியே விடமாட்டேன், பிரேமா. அனுப்பினால், வகுப்பே எழுந்து அந்தப் பிள்ளைக்குப் பின்னால் போகும். முன்னால் நான் போவேன்.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னால் தமிழ் டீச்சரான,
உன் பெரியக்கா