ஆழமில்லாத தண்ணீரில் பேசக்கூடாது

மச்சாள்,

இன்று காலை எங்கள் பூங்காக் குளம் உறைந்து கிடந்தது. லண்டனில் இது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. அதனால் ரெய்னர்ஸ் லேன் சனமெல்லாம் தெருவில் யானை வந்ததுபோலக் கூடி நின்று படம் எடுத்தது. மெல்லிய பனி, இறங்க வேண்டாம் என்று கவுன்சில்காரர் கரையில் பலகை நட்டிருந்தார்கள். நான் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் குனிந்து, கையுறையைக் கழற்றி, விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். அப்பளம்போல உடைந்தது. ஆனால் உடைந்த இடத்திலிருந்து வந்த மணம் அப்படியே உன் ஏரியின் மணம்தான். பாசியும் இரும்பும் கலந்த அந்த மணம். நாயோடு நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண், இந்தக் குளிருக்குக் கண்ணில் தண்ணீர் வரத்தான் செய்யும் என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். நானும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

நீயும் நானும் பள்ளியில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். பிறகு உன் அண்ணனைக் கட்டியதால் உனக்கு மச்சாள் ஆனேன். உறவு மாறினாலும் நீ என்னை 'எடி' என்று கூப்பிடுவதை விடவில்லை. உன் அண்ணனுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல், தன் மனைவிக்கு மரியாதை போதாது என்று. பிறகு நாங்கள் லண்டனுக்கும் நீ கனடாவுக்குமாகச் சிதறினோம். போனில் குரல் கேட்டே நமக்குத் தலை நரைத்தது.

வேலையிடத்தில் ஒரு பிலிப்பீன்ஸ் பெண் கூட்டிக்கொண்டு போய் உனக்கு ஏரியைக் காட்டினாள் என்றும், உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிறாய் என்றும் நீ முதலில் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டினாள். உன் அண்ணன் சிரிக்கவில்லை. "எங்கட குடும்பத்தில ஆர் மீன் பிடிச்சது?" என்று முகத்தைச் சுளித்தார். சனிக்கிழமை தவறாமல் விளைமீனும் சூடைமீனும் வாங்கிச் சாப்பிடுகிற மனிதர். மீனைத் தின்னலாம், பிடித்தால்தான் குறைச்சல். நீ இதைக் கேட்டுவிட்டு, அடுத்த கிழமையே கையில் ஒரு பெரிய மீனைத் தூக்கிப் பிடித்த படத்தை அவருக்கு அனுப்பினாய். அவர் அதற்குப் பதில் போடவில்லை. ஆனால் அழிக்கவுமில்லை, எனக்குத் தெரியும்.

பிறகு உன் ஈரலில் கான்சர் என்றார்கள். ஒரு வருடத்தின் பின் மருந்து இனிச் சரிவராது என்றும் சொன்னார்கள். நீயோ மாரி தொடங்கியதும் பழையபடி ஏரிக்குப் புறப்பட்டுவிட்டாய். உன் மகள் எனக்குப் போன் எடுத்து அழுதாள். விழுந்தால் என்ன செய்வது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, அம்மா எங்கள் சொல்லுக் கேட்கிறாவில்லை, நீங்கள் வந்து மறியுங்கள் மாமி என்றாள். உன் அண்ணனுக்கு அப்போது முதுகில் ஒப்பரேஷன் முடிந்து பிளேனில் ஏற முடியாத நிலை. "நீர் போம். உம்மட சொல்லைத்தான் கேப்பாள்" என்றார். அப்படித்தான் உன்னை மறிக்கிறதற்கென்றே நான் கனடாவுக்கு வந்தேன்.

விமான நிலையத்துக்கு நீயே வந்திருந்தாய். பெரிய கோட்டுக்குள் நீ எங்கே இருக்கிறாய் என்று தேட வேண்டியிருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த நாள் காரில் சொல்லலாம் என்று நினைத்தேன், நீ காரை ஏரிப்பக்கம் திருப்பிவிட்டாய். எனக்கும் பூட்ஸ் வாங்கி வைத்திருந்தாய், அளவுகூடச் சரி. ஒரு காரியத்தைச் சொல்லாமல் தள்ளிப்போடுவதில் எனக்கு ஈடு நான்தான்.

நீ வெளிச்சம் இருக்கும்போதே துளைகளைப் போட்டு முடித்தாய். நீ தேடிய மீனுக்கு வோல்ஐ என்று பெயர். பகலில் ஆழத்தில் கிடக்கும், இருட்டிய பிறகு சின்ன மீன்களைத் தின்னக் கரைப்பக்கம் ஆழமில்லாத தண்ணீருக்கு வரும். அது வருகிற நேரத்தில் மேலே ட்ரில் போட்டுக் குடைந்தால் ஒன்றும் மிஞ்சாது. துளையில் மிதந்த பனித்துருவலை நீ அள்ளியது வடை வடிக்கிற துளைக்கரண்டியால். இதற்கென்று கடையில் தனியாக ஒன்று விற்கிறார்கள், இதைவிட ஒரு மண்ணும் திறமில்லை என்றாய். ஊரில் தொண்டைமானாற்று மீன்பிடிகாரர் நம்மைப் பார்த்தால் சிரிப்பார்கள் என்று நான் சொல்ல, அதோடு நிறுத்து, இனிக் கதை இல்லை என்று வாயில் விரல் வைத்தாய். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடின ஆழம்தான். காலைத் தேய்த்து நடந்தாலே கீழே கேட்குமாம்.

துளைக்கு மேலே நீ விரித்த கூடாரத்துக்குள் இரண்டு சின்னக் கதிரைகள். பொழுதுபட்டது. எனக்குக் கை பரபரத்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் இருட்டில் குந்திக்கொண்டிருக்க என் உடம்பு பழகவில்லை. மூதேவி வந்து ஏறிவிடும் என்று அம்மா அடித்து வளர்த்த பழக்கம். நான் யோசிக்கவே இல்லை, டோர்ச்சை எடுத்துப் போட்டுவிட்டேன். வெளிச்சம் நேரே துளைக்குள் விழுந்தது. கீழே ஏதோ வெள்ளையாகத் திரும்பிப் போனது எனக்கே தெரிந்தது. நீ ஏசவில்லை. டோர்ச்சை வாங்கி அணைத்து உன் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டு, "உன்ர மூதேவிக்கு மீன் பிடிக்கத் தெரியுமோ எண்டு கேள்" என்று காதுக்குள் சொன்னாய். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம். வகுப்பில் பின் வாங்கில் சிரித்த அதே சிரிப்பு. அந்த நேரம் உனக்கு வருத்தம் என்பதே எனக்கு மறந்துபோனது.

பிறகு நீண்ட நேரம் சத்தமில்லை. பனி மட்டும் இடைக்கிடை தூரத்தில் முனகியது, தடிப்பாகும்போது அப்படித்தான் சத்தம் போடும் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். அப்போது என் போன் அடித்தது. பதறி அழுத்தியதில் குரல் வெளியே கேட்கிறபடி திறந்துகொண்டது. உன் மகள். "மாமி, அம்மாட்டச் சொல்லிட்டீங்களோ? இனி ஐசுக்குப் போகேலாது எண்டு? மாமாவும் கேக்கிறார்."

நான் போனை அணைத்தேன். உன் முகம் தெரியவில்லை. எனக்கு அந்தத் துளைக்குள்ளேயே இறங்கிவிடலாம்போல இருந்தது.

நீ தூண்டிலைச் சுருட்டி எடுத்தாய். இரைக்குக் குத்தியிருந்த சின்ன மீன் செத்திருந்தது, அதைக் கழற்றி, வேறொன்றைக் குத்தி, மறுபடி இறக்கினாய். அதன் பிறகுதான் பேசினாய், அதுவும் மூச்சுக்காற்று அளவுக்கு.

"எடி, வீட்டில எல்லாரும் என்னோட கதைக்கினம். சாப்பிட்டியோ, நோகுதோ, பயமாக் கிடக்கோ எண்டு. பிறகு அவையளே அழுவினம். நான்தான் ஒவ்வொருத்தருக்கும் ஆறுதல் சொல்ல வேண்டிக் கிடக்கு. இங்க ஆரும் வாய் திறக்கேலாது, மீன் போயிடும். அதுக்குத்தான் வாறன்."

தூண்டிலைப் பார்த்தபடியே, "மறிக்கிறதெண்டா இப்பவே மறி. நீ சொன்னாக் கேப்பன்" என்றாய்.

நீ அதை வீம்புக்குச் சொல்லவில்லை. சொன்னால் கேட்டிருப்பாய். வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு கிடந்திருப்பாய், வருகிறவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்லியிருப்பாய். அது எனக்குத் தெரியும். உன் அண்ணனையும் நினைத்தேன். முதுகைப் பிடித்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் அவர் இருக்கிற இருப்பையும் நினைத்தேன். அப்போது உன் தூண்டிலின் நுனி மெல்லத் தணிந்தது.

"உன்ர தூண்டில் அசையுது, பார்" என்றேன். அதுதான் என் பதில்.

நீ வெட்டி இழுக்கவில்லை. தடியை என் கையில் தந்து, உன் இரு கையாலும் கீழே பிடித்துக்கொண்டாய். நனைந்த சேலையை ஆரோ மறு தலைப்பில் பிடித்ததுபோல ஒரு பாரம், அவ்வளவுதான். இழுக்க இழுக்க வந்தது. துளையால் தலையை நீட்டியபோது அதன் கண் பூனைக்கண்போல மினுங்கியது. நீ அதைப் பார்த்த பார்வையை நான் எப்படி எழுதுவது? உன் முதல் பிள்ளையைக் கையில் தந்தபோதும் நான் பக்கத்தில் இருந்தேன். அதனால் சொல்கிறேன், அதே முகம்.

மறுநாள் காலை உன் மகள் வேலைக்குப் போகுமுன் குசினியில் என்னை மறித்தாள். கொம்மா போகட்டும், நானும் கூடப் போறன் என்றேன். அவள் கோபத்தில் கோப்பையை வைத்துவிட்டுப் போனாள். பின்னேரம் அவளே வந்து எனக்கு இன்னொரு தடித்த உள்ளங்கி தந்தாள். உன் அண்ணன்தான் இறங்கி வரவில்லை. அனுப்பினது எதற்கு, நீர் செய்கிறது என்ன என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார். நான் டிக்கெட்டை மாற்றி, ஏரியில் பனி விடும்வரை உன்னோடு நின்றேன். சில நாள் உனக்கு எழும்ப முடியவில்லை. முடிந்த நாளெல்லாம் போனோம். பிடித்ததைவிட விட்டது கூட. மஞ்சளும் தூளும் பிரட்டிப் பொரித்த மீனை உன்னால் ஒரு துண்டுக்கு மேல் தின்ன ஏலாது. நாங்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

கோடை வருமுன் நீ போய்விட்டாய், ஆசுப்பத்திரிக் கட்டிலில், பிள்ளைகள் பக்கத்தில் இருக்க. பனியால் வந்த வினை ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார். ஆனாலும் செத்தவீட்டுக்குத் தட்டித் தடவி வந்து சேர்ந்த உன் அண்ணன், எல்லாரும் போன பிறகு என்னிடம் ஒன்று சொன்னார். "என்ர தங்கச்சியைக் கொண்டுபோய்ப் பனியில இருத்தினனீர்." அதற்குப் பிறகு அவர் அதைப் பேசவில்லை. என்னோடு சண்டையும் இல்லை. சாமான் வாங்கப் போவோம், கோயிலுக்குப் போவோம், உப்புக் கூடவா குறையவா என்று கதைப்போம். உன் பெயர் வந்தால் மட்டும் எழும்பிப் போய்விடுவார். நான் செய்தது சரியா என்று எனக்கே சில நாள் தெரியாமல் போகும். அவரிடம் கேட்க வழியில்லை, கேட்பதற்கு இருந்த மற்ற ஆள் நீ.

இன்று குளத்திலிருந்து சிவந்த கண்ணோடு வந்து கதவைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, "அங்க ஏரியில எப்பிடி இருந்தது எண்டு சொல்லும்" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன் மச்சாள். வடைக்கரண்டி, மூதேவி, போன் அடித்தது, நீ சொன்னது, ஒன்றும் விடவில்லை. மறித்தால் கேட்பேன் என்று நீ சொன்ன இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். இனி என்னை ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அவளுக்குக் குளிரேல்லையோ?"

சின்னத் தங்கச்சியைப் பற்றி ஒரு அண்ணன் கேட்கிற கேள்வி. இவ்வளவு காலமும் அவர் தொண்டையில் நின்றது இதுதான்.

"இல்லை," என்றேன். "நான் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

அவர் தலையாட்டினார். பிறகு அழுதார். நீ போனதற்குப் பிறகு இன்றைக்குத்தான் அழுதார்.

உனக்கும் எனக்கும் உண்மை தெரியும். பல்லுக் கிடுகிடுக்கிற குளிர். உன் இரண்டு கையும் எப்போதும் தூண்டிலில்தான். தொட வந்தால் தட்டிவிடுவாய். ஆனால் இந்தப் பொய்யை இனி நான் கடைசிவரை வைத்திருக்கப் போகிறேன். அவர் ஒருநாள் அங்கு வந்து, நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேனா என்று உன்னிடமும் கேட்பார். ஓம் என்று மட்டும் சொல்லிவிடு.